டாக்டரம்மா அனுப்பாத பெண்கள்

அந்தப் பெண்ணை டாக்டரம்மா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்க வேண்டுமா, கூடாதா? அரியலூரில் இருந்தவரை இந்தக் கேள்வி எனக்கு வந்ததே இல்லை. அவர் செய்தது சரி என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது பெரம்பலூரில், ஒரு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சோறு வடிக்கும்போதும் துணி அலசும்போதும் இதே கேள்விதான் சுற்றிச் சுற்றி வருகிறது. ஒரு நாள், அனுப்பியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. மறுநாள், ஐயோ, நல்லவேளை அனுப்பவில்லை என்று தோன்றுகிறது.

என் தங்கை பக்கத்து அறையில் இருக்கிறாள். அவளால்தான் இந்தக் கேள்வி. ஆனால் டாக்டரம்மாவைச் சொல்லாமல் தங்கையைச் சொல்ல முடியாது.

அப்பா அரியலூர் ரயில் நிலையத்தில் குமாஸ்தாவாக இருந்தார். எங்கள் வாடகை வீட்டுக்கும் டாக்டரம்மா வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். பகலில் அவருக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை. சாயங்காலம் வீட்டு முன்னறையில் நோயாளிகளைப் பார்ப்பார். காய்ச்சல், பிரசவம், தேள்கடி எல்லாவற்றுக்கும் அவர்தான். மனநோய்க்கென்று தனியாக டாக்டர் எங்கள் பக்கத்தில் அப்போது யாரும் இல்லை. அதனால் தலை சரியில்லை என்று சொல்லப்பட்டவர்களையும் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். அவர் சீட்டு எழுதிக் கொடுத்தால் வெளியூரில் இருந்த பெரிய மனநோய் ஆஸ்பத்திரியில் மறுபேச்சில்லாமல் சேர்த்துக்கொள்வார்கள். சீட்டு இல்லாமல் போனால் அலைய வேண்டும்.

குள்ளமாக இருப்பார். பஸ் கண்டக்டர் மாதிரிக் குரல். பழைய குளுகோஸ் பாட்டிலில் பொட்டுக்கடலை வைத்திருப்பார். பேசும்போது அதை உள்ளங்கையில் கொட்டி மென்றுகொண்டே இருப்பார். புதிதாக வருகிறவர்கள், டாக்டரம்மாவே ஏதோ மாத்திரை சாப்பிடுகிறார், பாவம் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆண்கள் வந்தால் நாற்காலி போட மாட்டார். “ஒக்காந்தா கதை நீளும்” என்பார். ஆகவே அந்த முன்னறையில் ஆண்கள் நின்றுகொண்டேதான் தங்கள் குறையைச் சொல்லியிருக்கிறார்கள். மிராசுதாரும் நின்றார், கணக்குப்பிள்ளையும் நின்றார்.

கல்லூரிப் படிப்பு முடித்துவிட்டு நான் வீட்டில் இருந்த காலம் அது. பெண்கள் யாராவது மனசு சரியில்லை என்று வந்தால் டாக்டரம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிடுவார். “ஏ புள்ள, கொஞ்சம் வந்து பக்கத்துல உக்காரு.” வந்த பெண்ணின் புருஷனிடமோ மாமியாரிடமோ அவர் தனியாகப் பேசும்போது நான் அவளோடு உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். இப்படித்தான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

ரெட்டிபாளையத்திலிருந்து ஒருவரை அழைத்து வந்தார்கள். சிமெண்ட் ஆலையில் வேலை. இரண்டு கையையும் துண்டால் கட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் மனைவி, ஒரு பக்கம் தாய். ஆலைச் சங்கு தன் பெயரைச் சொல்லி ஊதுகிறது என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

“வேலைக்குப் போறாரா?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“போறதில்லீங்க. போன மாசத்துலேருந்தே இப்படித்தான்.”

“அடிக்கிறாரா?”

மனைவி முந்தானையை விலக்கித் தோளைக் காட்டினாள். டாக்டரம்மா சீட்டு எழுதத் தொடங்கிவிட்டார். எழுதிக்கொண்டே, “அங்க கூட யாரு இருப்பா?” என்றார்.

“நான் இருக்கேங்க” என்றாள் மனைவி.

“நானும் இருக்கேன் தாயி” என்றாள் அம்மாக்காரி.

அவர்கள் போனபிறகு டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். “பாத்தியா, ஆம்பளைக்குத் துணை இருக்க வரிசையில நிக்கிறாங்க.”

சில மாதங்கள் கழித்து அந்த மனிதர் கன்னம் உப்பித் திரும்பி வந்தார். மனைவி தலையில் ஒரு பூசணிக்காய், டாக்டரம்மாவுக்கு. “இப்ப சங்கு என்னய்யா சொல்லுது?” என்று டாக்டரம்மா கேட்டார். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு, “ஊதுதுங்க, அவ்ளோதான்” என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர் வேலைக்கும் திரும்பப் போனார். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததை ஊரில் நாலு பேர் நாலு நாள் பேசியிருப்பார்கள். அத்தோடு சரி.

பெண்கள் வந்தால் எல்லாமே வேறு. டாக்டரம்மா சீட்டுப் புத்தகத்தைத் தொடவே மாட்டார். எங்கள் வீட்டுப் பின்பக்கம் கனகாம்பரச் செடிகள் இருந்தன. ஒரு கை பூ பறித்துவரச் சொல்வார். ஈர வாழைநாரும் பூவும் அந்தப் பெண்ணின் மடியில் போட்டு, “கட்டிக்கிட்டே பேசுடி” என்பார். அதுதான் அவர் பரிசோதனை. பூ உதிராமல், முடிச்சு நழுவாமல், நெருக்கமாகக் கட்டி முடித்தால் அவளுக்கு ஒன்றும் இல்லை. தூக்கமும் சோறும் கொடுத்தால் போதும், வீட்டுக்குப் போகலாம். பூவை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் மாத்திரை கொடுப்பார், திரும்ப வரச்சொல்வார். ஆனால் நான் அறிந்தவரை எந்தப் பெண்ணையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதில்லை.

“ஆம்பளைங்களுக்கு இந்த மாதிரி என்ன குடுப்பீங்க டாக்டரம்மா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“அவனுக்கு எதுக்கு? வேலைக்குப் போவாட்டி அவன் பொண்டாட்டியே வந்து சொல்லிடுவா.”

திருமானூர்ப் பக்கத்துக் கரும்புக்காரர் ஒருவர் மனைவியோடு வந்தது நன்றாக நினைவிருக்கிறது. வெள்ளை வேட்டி, கையில் கடிகாரம். மனைவி சின்னப் பெண். கூடவே ஒரு டிரங்குப் பெட்டி.

“தனியாப் பேசிக்குதுங்க. எங்கம்மா சொன்னா காதுலயே வாங்கறதில்ல. நேத்துக் கொழம்புல உப்பே போடல.”

“உப்புப் போடலன்னா பைத்தியமாய்யா? அப்ப எங்க ஆஸ்பத்திரி சமையக்காரன மொதல்ல அனுப்பணும்.”

“நீங்க ஒரு சீட்டு மட்டும் குடுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்.”

உள்ளே அந்தப் பெண் பூக்கட்டிக்கொண்டிருந்தாள். பூ தீர்ந்ததும் நாரைக் கடித்து அறுத்துவிட்டு, என்னிடம் மெதுவாக, “எங்க சித்தி பொண்ணுக்கு இன்னும் மாப்ள அமையல” என்றாள். அவ்வளவுதான். எனக்கு முதலில் புரியவில்லை. டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் பொட்டுக்கடலையைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். அதில் அவளுடைய அத்தனை துணியும் இருந்தது. அடியில் கல்யாணப் பட்டு.

“வைத்தியத்துக்குப் போறவளுக்குப் பட்டுப் பொடவை எதுக்குய்யா? அங்க என்ன, நலங்கா வெக்கப் போறாங்க?”

அவர் முகம் கறுத்துவிட்டது. “கல்யாணமே ஆவாத பொம்பளைக்குப் புருசன் பொண்டாட்டி சமாசாரம் என்ன தெரியும்?” என்றார்.

“எனக்குப் புருசன் இல்ல, அதனாலதான் பயமில்லாமப் பேசறேன். பெட்டியத் தூக்கு. பொண்ணோட பொறந்த வூட்லேருந்து அண்ணனோ தம்பியோ வந்து என் முன்னால சொல்லட்டும். அப்ப பாப்போம்.”

யாரும் வரவில்லை. அவருக்கும் அந்தச் சித்தி மகளுக்கும் பேசிவைத்திருந்த கல்யாணமும் அந்த வருஷம் நடக்கவில்லை என்று பின்னால் தெரிந்தது. எங்கள் தெருப் பெண்கள் இதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள். என் அம்மா டாக்டரம்மாவுக்கு வடை சுட்டு அனுப்பினாள்.

வடை வாங்கிக்கொள்வார். காப்பி மட்டும் யார் வீட்டிலும் குடிக்க மாட்டார். அம்மா ஒருநாள், “எங்க வூட்டுக் காப்பியில விஷமா இருக்கு?” என்று கோபித்துக்கொண்டபோது காரணத்தைச் சொன்னார். படிப்பு முடித்த புதிதில் அவர் அப்படி ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பெண்கள் பிரிவில் வேலை பார்த்தாராம். புருஷன் கொண்டுவந்து சேர்த்த ஒரு பெண்ணுக்குச் சுகமாகிவிட்டது. ஆனால் அழைத்துப்போக யாரும் வரவில்லை. சொல்லியனுப்பிப் பார்த்துவிட்டு, இவரே ஒரு லீவு நாளில் பஸ் ஏறி அந்த ஊருக்குப் போயிருக்கிறார். வீட்டில் வேறொரு பெண் இடுப்பில் குழந்தையோடு வந்து உட்காரச்சொல்லிக் காப்பி கொடுத்திருக்கிறாள். குடித்து முடித்தபிறகுதான் மாமியார் சொன்னாளாம். மூத்த மருமகள் இறந்துவிட்டதாக ஊரில் சொல்லிக் கருமாதி செய்தாகிவிட்டது. இனி அவளைக் கூட்டிவந்தால் ஊர் என்ன சொல்லும்?

“உசுரோட இருக்கறவளுக்குக் கருமாதி பண்ணிட்டாங்கடி. அந்த வூட்டுல ஒக்காந்து நான் காப்பியக் குடிச்சிருக்கேன்” என்றார் டாக்டரம்மா. “அவ அங்கதான் இருந்தா. என்னப் பாக்கறப்பல்லாம், எப்ப வராருன்னு கேப்பா. ஆம்பளையச் சேத்தா பொண்டாட்டி கூட்டிட்டு வருவா, அம்மா கூட்டிட்டு வருவா. பொம்பளைக்கு யாரு வருவா? அதுக்கு நான் பதில் கண்டுபிடிக்கிற வரைக்கும் ஒருத்திக்கும் எழுத மாட்டேன்.”

அம்மா அழுதுவிட்டாள். நானும். டாக்டரம்மாவைப்போல ஒரு மனுஷி உண்டா என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். அதனால்தான் அடுத்ததைச் சொல்ல இவ்வளவு தயக்கம்.

ரஞ்சன்குடிக் கோட்டைப் பக்கமிருந்து ஒரு பெண்ணை அவளுடைய தாயும் தகப்பனும் கொண்டுவந்தார்கள். அவர்களுக்குப் பெரம்பலூர்தான் கிட்டம். தெரிந்தவர்கள் கண்ணில் படக்கூடாதென்று பஸ் மாறி அரியலூர் வந்திருந்தார்கள். அவளுக்கு என் வயதுதான் இருக்கும். பிரசவமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ரவிக்கை முன்பக்கம் பால் சுரந்து நனைந்திருந்தது. குழந்தை அவள் தாயிடம் இருந்தது. குழந்தை அழுதால் இவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

வழக்கம்போலப் பூவும் நாரும் கொடுத்தேன். அவள் கட்டினாள். அவ்வளவு வேகமாக ஒருவர் பூக்கட்டி நான் பார்த்ததில்லை. கட்டிக்கொண்டே சொன்னாள்:

“என்னைய எங்கயாச்சும் வெச்சுப் பூட்டிடச் சொல்லுங்கக்கா. புள்ளய என் கையில குடுக்க வேணாம்னு சொல்லுங்க. நான் என்னமோ பண்ணிடுவேன்.”

டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். அவரிடமும் அதையே சொன்னாள். அவர் அவள் மடியிலிருந்த சரத்தை எடுத்து நீட்டிப் பார்த்தார். “எவ்ளோ நெருக்கமா விழுந்திருக்கு பாரு. இந்தக் கைக்காரிக்கு ஒண்ணும் ஆவாது. புள்ள பெத்த ஒடம்பு, தூக்கம் இல்ல. அதான்.”

அவர் சரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்திருந்தேன். அந்தக் கண்கள் பூவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. எதையும் பார்க்கவில்லை. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ஆறு ஏழு வயதிலேயே பூக்கட்டக் கை பழகிவிடும். தூக்கக் கலக்கத்தில்கூடக் கட்டுவோம். இது டாக்டரம்மாவுக்குத் தோன்றவே இல்லையா என்று இப்போது யோசிக்கிறேன். அப்போது எனக்கும் தோன்றவில்லை.

தகப்பன் வாசலில் நின்று கெஞ்சினார். “டாக்டரம்மா, அது கேக்கற மாதிரி அனுப்பிடுங்க தாயி. வூட்ல ஒருத்தருக்கும் கண்ணு மூட முடியல.”

“மாப்ள எங்க?”

“மாப்ளைக்குச் சொல்லல. தலைப்பிரசவம் எங்க வூட்டுப் பொறுப்பு. புள்ளயும் தாயுமா நல்லபடியாக் கொண்டுபோய் விடற வரைக்கும் அவங்க கேக்க மாட்டாங்க. இது தெரிஞ்சா அப்பறம் வந்து அழைச்சுக்கவும் மாட்டாங்க.”

“தெரியுதுல்ல? அப்ப அங்க அனுப்பிட்டு நாளைக்கி என்ன பண்ணப் போற?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டரம்மா கொஞ்சநேரம் மென்றுகொண்டிருந்துவிட்டு, “இங்கயே விட்டுட்டுப் போ” என்றார்.

இப்படித்தான் அந்தப் பெண் டாக்டரம்மா வீட்டிலேயே தங்கினாள். குழந்தையும் அதன் அம்மாயியான அவள் தாயும் எங்கள் வீட்டில். டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார், ரசஞ்சாதம் பிசைந்து தன் கையாலேயே ஊட்டினார். படுக்கும்போது அவள் முந்தானையையும் தன் முந்தானையையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொள்வார். அவள் எழுந்தால் இவருக்குத் தெரிய வேண்டும். பகல் வேளையிலும் அப்படித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மோர் கொண்டுபோனேன். டாக்டரம்மா அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். முந்தானை முடிச்சோடு அந்தப் பெண் சுவரில் சாய்ந்து விழித்திருந்தாள். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, டாக்டரம்மாவை எழுப்பிவிடக்கூடாது என்று தாழ்ந்த குரலில் சொன்னாள்:

“இந்தம்மா ரொம்ப நல்லவங்கக்கா. ஆனா நான் கேட்டதத்தான் யாரும் கேக்கல.”

நாளாக ஆக அவள் குழந்தையைத் தூக்கினாள். பால் கொடுத்தாள். டாக்டரம்மா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். மாப்பிள்ளை ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். பிள்ளை பெற்ற உடம்பில் ரத்தம் குறைவு, அதனால் டாக்டர் வீட்டிலேயே வைத்துப் பார்த்தோம் என்று சொன்னார்கள். அவர் நம்பினார். மனைவியையும் குழந்தையையும் அழைத்துப்போனார். பஸ் ஏற்றிவிட்டு வந்து டாக்டரம்மா எங்கள் வீட்டு நிலைப்படியில் நின்று, “ஒரு சீட்டும் எழுதாம ஒரு குடும்பத்தக் காப்பாத்திட்டேன்டி” என்றார்.

அதற்கப்புறம் அவருக்கு மாற்றல் வந்தது. எனக்குக் கல்யாணமாயிற்று. டாக்டரம்மா தென்பக்கம் எங்கேயோ வேலையில் இருக்கும்போதே காலமாகிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். இப்போது அவரிடம் போய்க் கேட்க முடியாது.

அந்தப் பெண்ணைப் போன வருஷம் பெரம்பலூர் பஸ் நிலையத்தில் பார்த்தேன். அவள்தான் என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்தாள். பெரிய பையன் பள்ளிக்கூடச் சீருடையில் நின்றான். சின்னது ஒன்று காலைக் கட்டிக்கொண்டிருந்தது. இரண்டும் சுத்தமாக, தலைக்கு எண்ணெய் வைத்து, பொட்டு வைத்து. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. “இப்ப நல்லாயிருக்கியா?” என்று கேட்டேன்.

நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். “இன்னும் போவலக்கா.”

“என்ன சொல்ற?”

“எல்லா வேலையும் நான்தான் செய்யறேன். வூட்ல யாரும் ஒரு கொற சொல்ல மாட்டாங்க. கை அது பாட்டுக்குச் செய்யுது. நான்தான் உள்ள இல்ல. அன்னிக்கு அந்தம்மா என்னை அனுப்பியிருந்தா சரியாயிருக்குமாக்கா?” என்றாள். சின்னதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, “அனுப்பியிருந்தா இந்தப் புள்ளைங்க ஏது?” என்று தானே சொல்லிக்கொண்டாள். பஸ் வந்தது. அடித்துப் பிடித்து ஏறிவிட்டாள். பையன் மட்டும் ஜன்னலில் கை அசைத்தான்.

டாக்டரம்மா காப்பி குடித்த வீட்டின் மருமகளுக்குச் சுகமாயிற்று, போக வீடு இல்லை. இவளுக்கு வீடு இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, சுகம் வரவில்லை. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் எதை எடுப்பது?

என் தங்கையை ஜயங்கொண்டம் பக்கம் கொடுத்திருக்கிறோம். அம்மா இப்போது இல்லை. அதனால் தலைப்பிரசவத்துக்கு என் வீட்டுக்குத்தான் வந்தாள். குழந்தை பிறந்து கொஞ்ச நாளில் தூக்கம் போயிற்று. பிறகு, தன் பால் விஷமாகிவிட்டது என்று சொல்லத் தொடங்கினாள். குழந்தைக்குக் கொடுக்காமல் சாம்பல் குழியில் பீய்ச்சிவிடுகிறாள். என் பாலைத்தான் இரண்டு குழந்தைகளுக்கும் பகிர்ந்து கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிடுகிறாள். பாத்திரம் கழுவிக் கவிழ்க்கிறாள். தலையை வாரிப் பின்னிப் பூ வைத்துக்கொள்கிறாள். எதிர்வீட்டு அம்மா, “பச்ச ஒடம்போட உங்க தங்கச்சி என்ன சுறுசுறுப்பு!” என்கிறாள்.

அவளைத் திருச்சிக்கு அழைத்துப்போனோம். மனநோய்க்கென்றே படித்த டாக்டர், சின்ன வயது, பொறுமையாகப் பேசினார். அவர் பூக்கட்டச் சொல்லவில்லை. தங்கையையே பார்த்துக் கேட்டார். ஆனால் அவள் பதில் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் கண் தானாக அவள் புருஷன் பக்கம் போயிற்று. “சேத்துடுங்கம்மா. இது குணமாகிற நோய்தான். தள்ளிப்போட்டா ஆபத்து, தாய்க்கும் குழந்தைக்கும்” என்றார் டாக்டர்.

அவர் முடிப்பதற்குள் தங்கை புருஷன், “எங்க சார் கையெழுத்துப் போடணும்?” என்று கேட்டுவிட்டார்.

எனக்குத் திருமானூர்க்காரர் நினைவு வந்துவிட்டது. இந்தத் தம்பி அப்படிப்பட்டவரில்லை. வெளியே வந்து டீக்கடை மறைவில் நின்று அழுததை நான் பார்த்தேன். “அக்கா, எனக்கு அவ பொழச்சி வந்தாப் போதும்” என்றார். நம்புகிறேன். ஆனால் அவர் அம்மா ஜயங்கொண்டத்திலிருந்து வந்து சொன்னது வேறு: “அங்க போய்ட்டு வந்தவள நாங்க எப்படி நாலு பேர் முன்னால நிறுத்தறது? நீங்க எங்க வேணா சேத்துக்குங்க. எங்க வூட்டுப் புள்ளய மட்டும் குடுத்துடுங்க.” அப்போது தம்பி தலைகுனிந்து நின்றார். இரண்டில் எது அவர்?

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். பெண்கள் பிரிவில் சேர்த்தால், துணைக்கு ஒரு பெண் தங்கியே ஆகவேண்டும். எங்களுக்கு முன்னால் ஒரு வாலிபனைக் கொண்டுவந்திருந்தார்கள். கூட யார் என்று கேட்டதும் அம்மா, அக்கா, மனைவி எல்லோரும் ஒரே குரலில் நான் நான் என்றார்கள். என் தங்கைக்கு யார்? சம்பந்தியம்மா மாட்டார். என்னைத் தவிர வேறு யாரும் இல்லை.

என் கணவரிடம் சொன்னேன். அவர் முரடர் இல்லை. “நீ போயி அங்க தங்கிட்டா நம்ம புள்ளய யாரு பாக்கறது?” என்றார். தூக்கிக்கொண்டு போகிறேன் என்றேன். என் மாமியார் அடுப்படியிலிருந்தே கேட்டார்: “பால் குடிக்கிற புள்ளய அந்த வார்டுக்குள்ள கொண்டுபோவியா? நாளைக்கி இதுக்கு ஒண்ணுன்னா என் மூஞ்சில முழிப்பியா?” என் குழந்தைக்கு லேசாகச் சளி பிடித்தாலே நான் நூறு தடவை நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறவள்.

இப்போதைக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். எப்போது கொண்டுவந்தாலும் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை அவளைத் தனியே விடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். பார்த்துக்கொள்கிறேன். என் முந்தானையை அவள் முந்தானையோடு முடிச்சுப்போடக் கை போனது, போடவில்லை.

நேற்று அவள் சுவர் ஓரமாக உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இதுவரை நாங்கள் யாரும் அவளை நேராகக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“உனக்கு என்னடி வேணும்? நீ சொல்லு.”

முறத்தைக் கீழே வைத்தாள். “தூங்கணும்க்கா. முழிக்கறப்ப என் பால் நல்ல பாலா ஆயிருக்கணும்” என்றாள். பிறகு, “அங்க போனா ஆவும்னா போறேன். ஆனா நீ வந்து கூட்டிட்டு வந்துடுவல்ல?” என்றாள்.

வருவேன் என்று சொன்னேன். எங்கே கூட்டிவருவேன் என்று அவள் கேட்கவில்லை. ஜயங்கொண்டத்துக் கதவு திறக்குமா என்று எனக்குத் தெரியாது. திறக்காவிட்டால் இந்த வீட்டில், என் மாமியாருக்கு எதிரே, எத்தனை நாள் வைத்துக்கொள்ள முடியும் என்பதும் தெரியாது. குழந்தையைக் கொடுத்துவிடு என்று அவர்கள் நாளைக்கே வந்து நின்றால், கொடுக்காமல் இருக்க எனக்கு என்ன உரிமை?

இதைப் படிக்கிறவர்களிடம் கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பெண் யாரையாவது இப்படிச் சேர்த்திருக்கிறீர்களா? கைக்குழந்தையோடு அங்கே தங்க முடியுமா? குழந்தையை அதுவரை புருஷன் வீட்டில் விடலாமா, விட்டால் திரும்பக் கிடைக்குமா? மாமியார் வீட்டாரிடம் முன்கூட்டியே யாரை வைத்து, என்ன பேசிவைக்க வேண்டும்? படித்தவள்தான் நான். ஆனாலும் இதில் எதுவும் எனக்குத் தெரியவில்லை. இது அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் நான் ஏதாவது ஒன்றைச் செய்திருப்பேன். தப்பாகச் செய்திருந்தாலும் திருத்திக்கொள்ள வழி இருக்கிறதா என்று தெரியவேண்டும். அதனால் தாமதமானாலும் எழுதுங்கள்.

டாக்டர்கள் எழுதலாம், அண்ணன் தம்பிகள் எழுதலாம். ஆனால் அப்படி ஒரு பிரிவில் இருந்துவிட்டு வந்த பெண் யாராவது இதைப் படித்தால், பெயர் போட வேண்டாம், ஊர் போட வேண்டாம், நீங்கள் முதலில் எழுதுங்கள். உங்களைச் சேர்த்தது நல்லதா?